மூடியின் உட்புறம்

பெட்டிக்கடை என்றால் செக்காலை ரோட்டில்
வெற்றிலை பாக்கு விற்பது மட்டுமல்ல.
பாக்கியநாதன் கடையில் ஆறடிப் பெட்டி, ஐந்தடிப் பெட்டி,
சுவரோரம் குழந்தைகளுக்கானது.
மூடிக்கு உள்ளே அடிக்கும் துணி
என் மெஷினுக்கு வரும்.

அன்று காலையில் பள்ளிக்கூட பேட்ஜ் இருநூறு,
மதியம் கல்யாண ரவிக்கைக்கு மயில்,
இரவு ஒன்பதரைக்கு வெள்ளை சாட்டின் மூன்று மீட்டர்.
கொண்டுவந்தவள் ஜெனோவா,
கண்ணில் தண்ணீர் இல்லை,
கையில் அளவு நாடா.

"பேரு சூசைமாணிக்கம். ரெண்டு தேதி.
நடுவுல ஒரு தராசு."

சிலுவை கேட்பார்கள், ரோஜா கேட்பார்கள்.
புறா மட்டும் என்னிடம் பதினான்கு வகை.
தராசு ஒன்றுதான் அகப்பட்டது,
வக்கீல் சங்கத்துக்குப் போட்டது,
கண்ணைக் கட்டிய பொம்பளை பிடித்திருப்பது.
பொம்பளையை அழித்தேன்.
தராசு அந்தரத்தில் நின்றது.

"அப்பாவோடது இப்படி இருக்காதுண்ணே."
பில் புத்தகத்தின் முதுகில் வரைந்தாள்,
இரும்புக் கோல், நடுவே முள்,
தட்டுக்கு மூன்று சங்கிலி.
நாற்பது வருஷம் திங்கள் சந்தையில்
மிளகாய்க்காரர், கருவாட்டுக்காரர்
எல்லோருடைய தராசுக்கும் வைத்தியம் பார்த்தவர்.
எடைக்கல்லைத் தரையில் தட்டி, அந்தச் சத்தத்திலேயே
உள்ளே ஈயம் குறைவென்று சொல்வாராம்.

எனக்கும் அவரைத் தெரியும்.
என் அப்பாவின் பழைய பேப்பர் கடைத் தராசை
மாசம் ஒருமுறை அவர் சரிசெய்துவிட்டுப் போவார்.
அன்று ராத்திரியே
கல் வைக்கும் தட்டின் அடியில்
அப்பா புளி ஒட்டுவார்.
உருட்டிக் கொடுத்தது நான்.
இதை ஜெனோவாவிடம் சொல்லவில்லை.

"எழுத்து எந்தப் பக்கம் பாக்கணும்?
நீளவாக்கில் போட்டா, மூடி திறந்திருக்கும்போது
நிக்கிறவங்க படிக்கலாம்."
அவள் யோசிக்கவே இல்லை.
"குறுக்கப் போடுங்க. அவரு படிக்கணும்.
நிக்கிறவங்க கழுத்தச் சாச்சுக்கட்டும்."

முப்பத்தோராயிரம் தையல்.
பாபின் இரண்டு முறை தீர்ந்தது.
ஸ்டூலில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துத் தின்றாள்.
போன் அடித்தபோதெல்லாம்
"வந்துக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

சட்டத்திலிருந்து துணியைக் கழற்றி விரித்ததும்
குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.
"வலது தட்டு எறங்கியிருக்கு."

ஸ்கேல் வைத்தேன். ஒரு மில்லிமீட்டர்.
சாட்டின் வழுக்கும், நூல் இழுக்கும்,
இஸ்திரி போட்டால் சரியாகும் என்றேன்.
"ஆகாது. இத அவரு தலைக்கு மேல அடிச்சா
மூடியத் தள்ளிக்கிட்டு எந்திரிச்சிருவாரு."
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
அப்புறம்தான் அழுதாள்,
மயில் ரவிக்கைமேல் படாமல் தள்ளி நின்று.

மணி பன்னிரண்டு.
அடித்தாளை இரண்டாக்கினேன், நூலைத் தளர்த்தினேன்.
போதவில்லை என்று எனக்குத் தெரியும்.
துணியில் நேராக விழ வேண்டுமென்றால்
திரையில் கோணலாக வரைய வேண்டும்.
வலது தட்டை ஒரு மில்லிமீட்டர் தூக்கினேன்.
யாருக்கும் தெரியாமல் ஒரு தட்டை ஏற்றுவதும் இறக்குவதும்
எங்கள் குடும்பத்துக்குப் புதிதா?

இரண்டேகாலுக்கு மெஷின் நின்றது.
அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
பர்ஸைத் திறந்து
இரண்டு தடவைக்கும் எண்ணி வைத்தாள்.
ஒன்றுக்குப் போதும் என்றேன்.
"கொறச்சு வாங்காதீங்க. அவருக்குப் பிடிக்காது."

சாய்ந்த தராசை எறியவில்லை.
அப்பா இருக்கிறார், எண்பத்து மூன்று வயது,
காது கேட்காது, வாய் குறையவில்லை.
எங்களுக்குப் பெட்டி கிடையாது, நெருப்புதான்.
மடித்து மேசை டிராயரில் வைத்தேன்.

பத்தரைக்குக் கோயில் மணி அடித்தது.
மூடியிருப்பார்கள்.
நூற்று அறுபதாவது பேட்ஜில் நூல் அறுந்தது.
கோர்த்தேன்.